இறக்கத்தில் கேட்ட பாட்டு

பேட்டரி செத்து, கயிறு கட்டி இழுத்துவரப்படும் வண்டியைப் பார்த்ததும் உங்களுக்கு முதலில் யார்மேல் சந்தேகம் வருகிறது என்று கவனியுங்கள். வண்டியைத் திறப்பதற்கு முன்பே ஒரு பெயர் மனசில் வந்துவிட்டால், டெஸ்ட் லேம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். எனக்கு அப்படி ஒரு பெயர் வந்துகொண்டே இருந்தது. பவுன்ராசு.

நீங்கள் இரண்டு பெண்களும் ஐ.டி.ஐ. முடித்த கையோடு போடியில் இந்த ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்கு வந்திருக்கிறீர்கள். நான் பஸ் டிப்போ வேலைக்குப் போகிறேன். அனுபவசாலி போல உட்கார்ந்து புத்திமதி எழுதுகிற வயது எனக்கு இல்லை. உங்களைவிட நாலைந்து வயது மூத்தவள், அவ்வளவுதான். ஆனால் இந்தக் கடையில் முதன்முதலாக டெஸ்ட் லேம்பு பிடித்த பெண் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவளும் நான்தான். அப்பா ஏலக்காய்க் கடைகளில் மூட்டை தூக்குகிறார். அம்மா மலைக்குக் காயெடுக்கப் போகிறாள். இரண்டையும் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

சர்க்யூட் வரைவதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பில் சொல்லித்தராத ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அதற்கு நான் பொறாமைப்பட்ட கதையைத்தான் சொல்லியாக வேண்டும்.

கடையின் முன்பக்கம் பவுன்ராசுக்கு, பின்பக்கம் எனக்கு. முன்பக்கம் என்றால் ஸ்டீரியோ, பின்பக்கம் என்றால் பேட்டரி. ஸ்டீரியோ மாட்டுகிறவனை ஊரே பார்க்கும். வண்டிக் கதவைத் திறந்துபோட்டு, ஒரு காலை வெளியே தொங்கவிட்டு, டிரைவர் சீட்டில் சாய்ந்தபடிதான் வேலை செய்வான். கடைசி வயரை முறுக்கிக் கேசட்டை உள்ளே தள்ளினால், பஸ்சுக்குப் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நிற்பார்கள். டிரைவர் அவனுக்கு வடை வாங்கி வருவார். பேட்டரிக்கு யார் வடை வாங்குவார்கள்? நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி ஒரு சத்தமும் போடாது. சேலைக்கு மேல் நான் போட்டிருந்த காக்கிச் சட்டையில் ஆசிட் தின்ற ஓட்டைகள்தான் நான் செய்த வேலைக்குச் சாட்சி.

அவன் தென்னந்தோப்பும் பம்புசெட்டும் உள்ள வீட்டுப் பையன். சம்பளத்துக்காக வந்தவன் இல்லை, பிடித்திருந்ததால் வந்தவன். அது எனக்கு இன்னும் எரிந்தது. அம்மாவும் அப்பாவும் எதையெதையோ விட்டுக்கொடுத்து என்னைப் படிக்க வைத்து நான் வந்து சேர்ந்த இடத்துக்கு, அவன் பொழுதுபோகாமல் வந்திருந்தான். அவன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து டேஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு தளர்ந்த முறுக்கு, டேப் சுற்றாத ஒரு ஜாயிண்ட், ஃபியூஸ் போடாத ஒரு லைன், ஏதாவது கிடைக்காதா என்று. கிடைக்காது. வயர்கள் பின்னிய சடை மாதிரி ஒழுங்காக ஓடும். ஊரே அவனை அண்ணே என்றது. என்னைவிட மூத்தவன்தான். ஆனாலும் நான் ஒரு நாளும் அவனை அண்ணே என்று கூப்பிட்டதில்லை.

அவன் என்னைக் கூப்பிடும் விதம் வேறு.

"ஐ.டி.ஐ.யம்மா, அந்தக் கட்டிங் பிளேயரக் கொஞ்சம் கொண்டாங்க."

"எந்திரிச்சு வந்து எடுத்துக்க."

"அதெப்படி, படிச்சவுக கையால வாங்கினா பாட்டு இன்னும் நல்லாப் பாடுமே."

சுற்றி நிற்கிற டிரைவர்கள் சிரிப்பார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் டிஸ்டில் வாட்டர் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

ஸ்டீரியோவுக்கு நம் ஊரில் ஏன் இத்தனை மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். விடியும்போது மலைக்குப் போகும் ஜீப்புகள் வரிசையாக நிற்கும். ஒரே தோட்டத்துப் பக்கம் நாலைந்து ஜீப்பு போகும். எதில் பாட்டு நன்றாகக் கேட்கிறதோ அதில்தான் காயெடுக்கும் பெண்கள் முதலில் ஏறுவார்கள். வண்டியின் வயசையும் டயரையும் அவர்கள் பார்ப்பதில்லை. அப்படி எல்லாரையும் இழுத்துக்கொண்டிருந்த வண்டி மொக்கச்சாமி ஓட்டிய ஜீப்பு. பவுன்ராசு அதில் நாலு ஸ்பீக்கர் வைத்திருந்தான். என் அம்மாவும் அந்த வண்டியில்தான் போய்வந்தாள்.

அந்த ஜீப்பின் பேட்டரிதான் சாக ஆரம்பித்தது.

முதல் தடவை காலையில் செல்ஃப் எடுக்கவில்லை என்று கொண்டுவந்தார்கள். சார்ஜ் போட்டேன், எல்லாச் செல்லிலும் ஆசிட்டின் கிராவிட்டி பார்த்தேன், நன்றாக இருந்தது. சில நாளில் மறுபடியும் டவுன். எஞ்சினோடு சுற்றிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவைப் பார்த்தேன். ஆக்சிலேட்டரை மிதித்தால் அம்மீட்டர் முள் ஒழுங்காகச் சார்ஜ் காட்டியது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எங்காவது கரண்ட் கசிகிறதா என்று லேம்பு போட்டுப் பார்த்தேன். இல்லை. ஸ்டீரியோ லைனைத் தனியாகக் கழற்றிப் பார்த்தேன். அதிலும் இல்லை. அது இருக்க வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"அமத்திட்டா ஒரு பொட்டுக் கரண்டு எடுக்காது. நீயே பாத்துட்டேல்ல?" என்றான் பவுன்ராசு. "அப்ப பேட்டரிதான்."

"பேட்டரி நல்லாருக்கு."

"நல்லாருக்கிற பேட்டரி எதுக்கு விடிஞ்சா செத்துப்போகுது?"

சந்தேகமே வேண்டாம் என்று கடையில் இருந்த வேறொரு நல்ல பேட்டரியை வைத்து அனுப்பினோம். அதுவும் செத்து வந்தது.

"அதையும் நீதான சார்ஜ் போட்ட" என்றான்.

ஜீப்பு முதலாளி கடைக்கே வந்துவிட்டார். நாலு வண்டி வைத்திருந்தவர், நாலும் எங்கள் கடைக்குத்தான் வரும். வாசலில் நின்றே பேசினார்.

"அண்ணாச்சி, காலையில பதினஞ்சு பொம்பளைக எறங்கி என் வண்டியத் தள்ளுதுக. பஜாரே வேடிக்கை பாக்குது. இது என்ன சோலி?"

எங்கள் கடைக்காரரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். "பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் அவர்.

"யாரு பாக்குறா? இந்தப் புள்ளையா?" என்னைக் கை காட்டினார். "பொம்பளப் புள்ளைகிட்ட ஆசிட்டு வேலையக் குடுத்தா இப்படித்தான். அமாவாசை கழிச்சு வர்றேன். என்ன கோளாறுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியணும். இல்லைன்னா நாலு வண்டியும் தேனிக்குப் போயிக்கிரும்."

அவர் போன பிறகு அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர், என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

"பவுன்ராச வேலையவிட்டு அனுப்பிச்சா டிரைவரு ஒருத்தனும் இந்தப் பக்கம் வர மாட்டான், தாயி. எனக்கு வேற வழி தெரியல. அமாவாசை வரைக்கும் பாரு."

அர்த்தம் புரிந்தது. இங்கே இருந்து போனால் எனக்கு வேறு கடை கிடையாது. அந்த நாளில் ஒரு பெண்ணை உள்ளே விட்ட கடை இது ஒன்றுதான். அடுத்த வேலை மொக்கச்சாமி ஜீப்பின் பின்பக்கத்தில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஜீப்பில் ஒரு நாளும் ஏறுவதில்லை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே முடிவு செய்தவள் நான்.

அன்று சாயங்காலம் அம்மா வந்ததும் சோறு போட்டேன். காய்ச்சாறு அப்பிக் கறுத்த விரல்களோடு சாப்பிட்டாள். அந்தக் கறை எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

"நீ போற வண்டி பேட்டரியால எனக்கு வேலை போகப்போகுது" என்றேன்.

"அந்த வண்டிக்கு என்ன? நல்லாத்தான் பாடுது."

"பாடுறதப் பத்திப் பேசல."

அம்மா காதில் வாங்கவில்லை. "ஏறும்போது ஒரு எழவும் கேக்காது, ஒரே எரைச்சல். எறங்கும்போது கேக்கணும் ஆத்தா. ஒவ்வொரு வார்த்தையும் வெளங்கும். எல்லாப் பொம்பளைகளும் பேச்ச நிப்பாட்டிருவாளுக. நாளெல்லாம் குனிஞ்சு காயெடுத்த இடுப்பு வலி எங்க போகும்னே தெரியாது. அந்தப் பெட்டிய வச்ச பய நல்லா இருக்கணும்."

"அது என் பேட்டரியிலதான் பாடுது."

"பேட்டரியா பாடுது?" என்று சிரித்தாள்.

இதை எழுதும்போதுகூட எனக்கு அந்த இடத்தில் கை நிற்கிறது. டிரைவர்கள் அவனைக் கொண்டாடியதைத் தாங்கிக்கொண்டேன். அண்ணாச்சி அவனை விடமாட்டேன் என்றதையும் தாங்கிக்கொண்டேன். என் அம்மாவுக்கு ஒரு நாளில் கிடைத்த ஒரே சந்தோஷத்தையும் அவன்தான் கொடுத்திருந்தான். நான் வேலைக்குச் சேர்ந்து அவளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருந்தேன். அந்தச் சேலையைப் பற்றி அவள் இப்படிப் பேசியதில்லை.

கோபத்தில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. ஒரே வண்டி, ஒரே ஸ்டீரியோ. ஏறும்போது கேட்காத பாட்டு இறங்கும்போது மட்டும் ஏன் ஒவ்வொரு வார்த்தையாக விளங்குகிறது? கியரில் இறங்கும் வண்டியும் இரையத்தான் செய்யும். அந்த இரைச்சல் எங்கே போனது?

அமாவாசைக்குக் கடை அடைப்பு. தோட்டத்தில் அப்படி விடுமுறை இல்லை. விடியும்போது அம்மாவோடு கிளம்பினேன். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டை, தலைக்கு மேல் சாக்கை மடித்துச் செருகிய கொங்காணி. மழைக்கும் பனிக்கும் எல்லாப் பெண்களும் போடுவது. அதைப் போட்டால் யாருக்கும் முகம் தெரியாது.

"என்னாத்தா, காக்கிச் சட்டைய விட்டுட்டு எங்க சட்டைக்கு வந்துட்டியா?" என்றாள் அம்மாவின் கூட்டாளி ஒருத்தி. "நகருங்கடி, படிச்ச புள்ள ஒக்காரட்டும்."

"எம்மக ஒரு நாளைக்குப் பாக்க வந்திருக்கா" என்றாள் அம்மா. குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது. பின்பக்கத்துக் கடைசி மூலையில் முழங்காலை ஒடுக்கி உட்கார்ந்துகொண்டேன். மொக்கச்சாமி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஏற்றம் அம்மா சொன்னபடிதான். அடிவாரத்து ஊரான முந்தலைத் தாண்டி மலை தொடங்கியதும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் எஞ்சின் கதறியது. பாட்டு எங்கோ அடியில் முனகிக்கொண்டிருந்தது. இந்த வேகத்துக்கு டைனமோ நன்றாகச் சார்ஜ் போடும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன். அன்று பகல் முழுக்க ஏலச்செடிக்கு அடியில் குந்தி, அம்மா காட்டிய காய்களைப் பறித்தேன். என் கை போன வேகத்தைப் பார்த்து அம்மாவின் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு அட்டை என் காலில் ஏறி வயிறு நிறையக் குடித்துவிட்டுத்தான் போனது.

இறங்கும்போது பனி மூட்டம். மலையுச்சியில் போடிமெட்டுக்கு வந்ததும் மொக்கச்சாமி ஹெட்லைட்டைப் போட்டான். முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான். சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றது.

வண்டி தானாக உருண்டது. பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுத்த ஸ்டீரியோ, சாவியை அணைத்தாலும் பாடும். நாலு ஸ்பீக்கரிலும் பாட்டு எழுந்தது. டயர் சத்தமும் காற்றும் தவிர வேறு எதுவும் குறுக்கே இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அப்படி ஒரு பாட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. அம்மா கண்ணை மூடி என் தோளில் சாய்ந்திருந்தாள். கறுத்த விரல்கள் என் முழங்காலில் தாளம் போட்டன.

எனக்கு மட்டும் எல்லாம் எண்ணாகத் தெரிந்தது. எஞ்சின் நிற்கிறது, அதனால் டைனமோ நிற்கிறது. ஹெட்லைட் பேட்டரியில், வைப்பர் பேட்டரியில், நாலு ஸ்பீக்கர் பேட்டரியில். மலை முழுக்க இப்படி. அடிவாரத்தில் கியரைப் போட்டு உருட்டியே ஸ்டார்ட் எடுத்துவிடுவான், அதனால் செல்ஃபைத் தொட வேண்டியதில்லை, பேட்டரி காலியானது அவனுக்கே தெரியாது. ஏறும்போது போட்டதைவிட இறங்கும்போது எடுத்தது அதிகம். அந்தக் குறை நாளுக்கு நாள் சேர்ந்து ஒரு விடியற்காலையில் வண்டி செத்துக் கிடக்கும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று பேட்டரியைக் குடித்துக்கொண்டிருந்தான்.

வளைவுக்கு வளைவு ஹெட்லைட் மஞ்சளாகிக்கொண்டே வந்தது. பாதி மலைக்குக் கீழே ஒரு வாடை வந்தது. கருகுகிற வாடை. எஞ்சின் பிடிக்காத வண்டியைப் பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டு வந்தது, அது சூடாகித் தீய்ந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் பள்ளம். என் தோளில் அம்மா. அந்த வாடை அவர்கள் யாருக்கும் புதிதில்லை போல. ஒருத்தரும் மூக்கைச் சுளிக்கவில்லை.

போடியில் இறங்கிக் கொங்காணியை எடுத்தபோது மொக்கச்சாமி என்னைப் பார்த்துவிட்டான். பீடியைக் கீழே போட்டான்.

"ஐ.டி.ஐ. தங்கச்சியா?"

அவன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"எஞ்சின அமத்தி எறக்குனா சோலியவிட்டுத் தூக்கிருவேன்னு மொதலாளி சொல்லிருக்காரு. எல்லாப் பயலும் அப்படித்தான் எறக்குறான், நான் மட்டுமில்ல. சொல்லிராத தங்கச்சி. புள்ளகுட்டிக்காரன்."

"எங்க ஆத்தா பின்னால ஒக்காந்திருக்கு" என்றேன்.

மறுநாள் காலையில் எல்லாரும் கடையில் இருந்தோம். ஜீப்பு முதலாளி, அண்ணாச்சி, பவுன்ராசு, வண்டிக்குப் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு மொக்கச்சாமி. இனிமேல் நான் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். கோளாறு கண்டுபிடிப்பதோடு நம் வேலை முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப்பு முதலாளியே ஒரு முடிவோடு வந்திருந்தார்.

"ராத்திரியெல்லாம் யோசிச்சேன், அண்ணாச்சி. இந்தப் பாட்டுப் பெட்டி வந்ததுக்கப்புறந்தான் இந்தச் சனியன். பேட்டரியும் இல்ல, ஒண்ணுமில்ல. இவன் வச்ச வயருதான் கரண்டக் குடிக்குது. கழட்டி எறிங்க. மத்த மூணு வண்டியிலயும் இவன் கைய வைக்கக் கூடாது."

பவுன்ராசுவின் முகம் அப்படிச் சுண்டிப்போய் நான் பார்த்ததில்லை. தன் வயரில் கோளாறு இல்லை என்று அவனுக்குத் தெரியும், ஆனால் நிரூபிக்கத் தெரியவில்லை. ஒரு வாரமாக நான் நின்ற இடத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான்.

நான் சும்மா இருந்தால் போதும். ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டால் பேட்டரிமேல் பாதிச் சுமை குறையும், அனேகமாகச் சாகாது. என் வேலை தப்பும். அவன் பெயர் கெடும். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு உள்ளே இனித்தது. அந்த இனிப்பை இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வண்டி எஞ்சினை அணைத்துத்தான் இறங்கும். அம்மா அதில்தான் இருப்பாள், அதுவும் பாட்டு இல்லாமல். சரி, மொக்கச்சாமியைக் காட்டிக்கொடுக்கலாம். அவன் போவான், வேறொருத்தன் வருவான், அவனும் முதல் வளைவில் சாவியைத் திருப்புவான். மலையில் இறங்கும் எல்லா வண்டியும் அப்படித்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஆளை மாற்றினால் இது தீராது. எஞ்சின் ஓடாமல் இறங்க டிரைவருக்கே மனசு வராதபடி ஏதாவது செய்ய வேண்டும். டிரைவர் எதை இழக்கச் சம்மதிக்க மாட்டான்? அது என் கண்முன்னால் நாலு ஸ்பீக்கரோடு உட்கார்ந்திருந்தது.

"ஸ்டீரியோவும் நல்லாருக்கு, பேட்டரியும் நல்லாருக்கு" என்றேன். "லைன் எடுத்த எடத்த மாத்தணும். இன்னிக்கு ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போங்க. இனிமே செத்தா நானே கெளம்பிர்றேன்."

ஜீப்பு முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி பவுன்ராசுவைப் பார்த்தார். பவுன்ராசு என்னைப் பார்த்தான். ஒரு வழியாக, "சாயங்காலம் வர்றேன்" என்று அவர் போனார்.

"எந்த எடத்துல மாத்தணும்?" என்றான் பவுன்ராசு.

அவன் வயரில் நான் கை வைக்க அவன் விடமாட்டான். வைக்க எனக்கும் விருப்பமில்லை. பேப்பரை எடுத்து வரைந்து காட்டினேன். பேட்டரியிலிருந்து ஸ்டீரியோவுக்குப் போகும் லைனை நடுவில் அறுத்து ஒரு ஹாரன் ரிலேயை வைக்க வேண்டும். டைனமோ சுற்றினால் மட்டும் அந்த ரிலே மூடும், பாட்டுக்குக் கரண்ட் போகும். எஞ்சின் நின்றால் டைனமோ நிற்கும், ரிலே திறந்துகொள்ளும், பாட்டு அறுந்துபோகும்.

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மொக்கச்சாமியைப் பார்த்தான். மொக்கச்சாமி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். பவுன்ராசு சிரிக்க ஆரம்பித்தான்.

"அடேயப்பா. பாட்ட வச்சே வண்டியக் கட்டிப்போட்டுட்ட." பிறகு மெதுவாக, "நானும் இவன்கூட எத்தன தடவ அப்படி எறங்கியிருக்கேன். எனக்குத் தோணல பாரு" என்றான்.

முன் சீட்டில் உட்கார்ந்து, டிரைவர்களோடு டீ குடித்து, அந்த இறக்கம் முழுக்கப் பாட்டுக் கேட்டு வந்தவன். அவனுக்குத் தோன்றாதது, சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை போன எனக்குத் தோன்றியது. அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய விருந்து.

அவன்தான் ரிலேயை வைத்தான். எப்போதும் போல ஒரு பிசிறு இல்லாமல் வைத்தான். எஞ்சினை ஓட்டினோம், பாடியது. அணைத்தோம், பட்டென்று நின்றது. மொக்கச்சாமி அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன அநியாயம்" என்று மட்டும் சொன்னான். மாற்றச் சொல்லி அவனால் யாரிடமும் கேட்க முடியாது. கேட்டால் ஏன் என்ற கேள்வி வரும்.

அன்றிலிருந்து அந்தப் பேட்டரி சாகவில்லை. என் வேலை தப்பியது. கொஞ்ச நாளில் மற்ற ஜீப்பு முதலாளிகளும் கேட்டு வந்தார்கள். யாரிடம் கேட்டு வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? முன்பக்கத்தில்.

"பவுன்ராசண்ணே, அந்த வண்டிக்குப் போட்டீகளே, பேட்டரி சாகாத லைனு, அத எனக்கும் போடுங்க."

அவன் ஒவ்வொரு தடவையும் என் பக்கம் கையைக் காட்டி, "அது ஐ.டி.ஐ.யம்மா போட்ட படம்" என்று சொல்லத்தான் செய்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு அந்த வழியையும் விட்டுவைக்கவில்லை. கேட்டவர்கள் சிரித்துவிட்டு அவனுக்கே வடை வாங்கிக் கொடுத்தார்கள். அந்த இணைப்புக்குப் 'பவுன் லைன்' என்று பெயர் விழுந்தது. இன்றைக்கும் மலை வண்டிக்காரர்கள் அப்படித்தான் கேட்பார்கள். உங்களிடமும் கேட்பார்கள். போட்டுக்கொடுங்கள். என் பெயரைச் சொல்லித் திருத்த வேண்டியதில்லை. திருத்தினால் நான் கோபித்துக்கொள்ளவும் மாட்டேன்.

உங்களில் ஒருத்தி பவுன்ராசு இருந்த முன்பக்கத்தில் உட்காருவாள், ஒருத்தி பின்பக்கத்தில். பின்பக்கத்தில் உட்காருகிறவளுக்கு வயிறு எரியும். எரியட்டும். நான் அவன் வேலையை அத்தனை உற்றுப் பார்த்ததால்தான் அதில் கோளாறு இல்லை என்று எனக்கு உறுதியாகத் தெரிந்திருந்தது. அந்த உறுதி இல்லாவிட்டால் நான் மலைக்கே போயிருக்க மாட்டேன். லேம்பு எரிகிறதா இல்லையா என்பதை மட்டும் உங்கள் வயிற்றிடம் கேட்காதீர்கள். வண்டியில் கோளாறு இல்லை என்று லேம்பு சொன்னால், வண்டியை விட்டுவிட்டு அதை ஓட்டுகிறவன் எப்படி ஓட்டுகிறான் என்று போய்ப் பாருங்கள். அதற்காக எந்தச் சீட்டில் உட்கார வேண்டியிருந்தாலும் உட்காருங்கள்.

ரிலே வைத்த மறுநாள் சாயங்காலம் அம்மா கோபமாக வந்தாள். தூக்குவாளியை ணங்கென்று வைத்தாள்.

"என்னாச்சு?" என்றேன்.

"என்னாச்சா? மெட்டுல மொக்கச்சாமி எப்பவும்போல எஞ்சின நிப்பாட்டுனான். பாட்டு பொசுக்குனு போயிருச்சு. நாங்க எல்லாரும் போட்ட கூப்பாட்டுல மறுபடியும் ஸ்டார்ட் பண்ணிட்டான். அப்பறம் எறங்குற வரைக்கும் கர்ரு கர்ருன்னு எஞ்சின் சத்தம். பாட்டு வருது, ஒரு வார்த்தை வெளங்கல."

"பிரேக் கருகுற வாடை வந்துச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் வரல. நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற?" கையைக் கழுவிக்கொண்டே திட்டினாள். "எல்லாம் அந்தப் பய, அந்தப் பவுன்ராசு பண்ணது. நல்லாப் பாடிக்கிட்டிருந்த பெட்டிய எதையோ நோண்டிக் கெடுத்துப்புட்டான். அவன் கையில கொள்ளிய வைக்க. தொழில் தெரியாத பயல எதுக்குத்தான் உங்க அண்ணாச்சி வச்சிருக்காரோ."

அது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோற்றைப் போட்டு வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, அவள் அவனைத் திட்டி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.